வடசென்னைக் களத்தில் கதை எழுதுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, எண்ணூர் பக்கத்திலிருந்து சிறுகதை எழுத வருகிறவர்களும், இந்தப் பகுதியைக் களமாக வைத்து எழுத நினைக்கும் வெளியூர்க்காரர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். கேள்விகள் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இருக்கின்றன. பதில்களுக்கு ஒரே ஒரு கற்பனைக் கதையை உதாரணமாக வைத்துக்கொள்கிறோம். மல்லிகா காசிமேட்டில் விடியுமுன் ஏலத்தில் மீன் எடுத்து, பழைய வண்ணாரப்பேட்டைத் தெருக்களில் கூடையில் சுமந்து விற்கிறாள். தண்டலுக்கு, அதாவது நாள்தோறும் தவணை கட்டும் வட்டிக் கடனாக, பணம் வாங்கியிருக்கிறாள். ஒரே மகள், பள்ளியில் படிக்கிறாள். கையில் இருப்பது இவ்வளவுதான்.

கதை நல்லாத்தான் இருக்குன்னு சொல்றாங்க, ஆனா பாதியில விட்டுட்டேன்னும் சொல்றாங்க. எங்க தப்பு?

பெரும்பாலும் மொழியில் குறை இருக்காது. பாத்திரத்துக்கு எதுவும் வேண்டியிருக்காது, அதுதான் குறை. "மல்லிகா ஏழை, கஷ்டப்படுகிறாள்" என்பது ஒரு நிலைமை. நிலைமையை இரண்டு பக்கம் படிக்கலாம்; மூன்றாவது பக்கத்தில் வாசகர் எழுந்து போய்விடுவார். "சாயங்காலம் பள்ளிக்கூடம் விடுவதற்குள் 600 ரூபாய் கட்டாவிட்டால் தண்டல்காரரின் ஆள் மகளின் பள்ளி வாசலில் வந்து நிற்பான்" என்று வந்துவிட்டால் கதை நகரத் தொடங்கிவிட்டது.

எழுத உட்காருமுன் ஒரு தாளில் மூன்று விடைகளை எழுதுங்கள். இவளுக்கு என்ன வேண்டும்? எப்போதுக்குள் வேண்டும்? கிடைக்காவிட்டால் எதை இழப்பாள்? விடைகள் கையால் தொடுகிற மாதிரி இருக்கட்டும். "மரியாதை வேண்டும்" என்று எழுதினால் போதாது. யார் முன்னால், எந்தச் சொல்லைக் கேட்காமல் தப்பிக்கப் பார்க்கிறாள் என்று எழுத வேண்டும்.

தண்டல் கணக்கையே பாருங்கள். பத்தாயிரம் என்று பேசி, 1,500-ஐ முன்னாலேயே பிடித்துக்கொண்டு 8,500 கையில் தருவார்கள். நாளுக்கு 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். இப்போது நீங்கள் முடிவு செய்ய வேண்டியது, உங்கள் கதை எத்தனையாவது நாளில் நடக்கிறது என்பதை. 12-ஆம் நாளிலேயே ஆறு நாள் பாக்கி விழுந்திருந்தால் அவள் பயம் ஒரு வகை. 97-ஆம் நாளில் பாக்கி என்றால், கடனை முடிக்கப்போகிறவளை முடிக்க விடாமல் அடுத்த கடனுக்குள் இழுக்கும் ஆட்களும் கதைக்குள் வந்துவிடுவார்கள். ஒரே பெண், ஒரே கடன். நாள் மாறினால் கதையே வேறு.

சிறுகதைன்னா எவ்ளோ பக்கம்? எத்தன பேரு இருக்கலாம்?

தொடக்கத்தில் 1,200 முதல் 2,000 சொற்களுக்குள் வையுங்கள். பேசுகிற பாத்திரங்கள் இரண்டிலிருந்து நான்கு. கதை நடக்கும் காலம் ஒரு நாளைத் தாண்டாமல் இருந்தால் கட்டுப்பாடு எளிது. ஐந்தாவது ஆள் வந்துதான் ஆக வேண்டும் என்று தோன்றினால், ஏற்கெனவே இருக்கும் இருவரை ஒருவராக்க முடியுமா என்று முதலில் பாருங்கள். முக்கால்வாசி நேரம் முடியும்.

முதல் வரியிலேயே ஆள இழுத்துடணும்னு சொல்றாங்களே, அது எப்டி?

முதல் வரி வாசகர் மனத்தில் ஒரு கேள்வியைப் போட வேண்டும், அதே சமயம் அவரைத் திண்டாட விடக்கூடாது. "காசிமேடு மெல்லக் கண்விழித்தது" என்ற வரி எந்தக் கேள்வியையும் போடவில்லை. "ஐஸ் கரைவதற்குள் போக வேண்டிய தெரு இன்னும் மூன்று இருந்தது" என்றால் யாரோ எதையோ விற்கிறார்கள், நேரம் குறைகிறது என்று வாசகருக்குத் தெரிந்துவிடுகிறது. யார், எங்கே என்பதை அடுத்த நான்கைந்து வரிகளுக்குள் கொடுத்துவிடுங்கள். அதற்கு மேல் தள்ளினால் ஆவல் போய் எரிச்சல் வரும்.

அலாரம் அடிப்பது, சூரியன் உதிப்பது, பாத்திரம் கண்ணாடியில் முகம் பார்ப்பது, பெயர் தெரியாத இருவர் அரைப்பக்கம் பேசிக்கொள்வது ஆகிய நான்கு தொடக்கங்களும் அளவுக்கு மீறி வருகின்றன. பிணத்தைக் காட்டிவிட்டு "இரண்டு நாட்களுக்கு முன்பு" என்று பின்னால் போவதும் அப்படித்தான். அந்த இரண்டு நாட்களுக்குத் தானாக நிற்கும் பலம் இல்லை என்று எழுதியவரே ஒப்புக்கொண்டது போலாகிவிடும். முதல் வரியை முதலில் எழுதியே தீர வேண்டும் என்பதில்லை. கதையை முடித்துவிட்டு, முதல் பத்தியைக் கையால் மூடிக்கொண்டு இரண்டாவது பத்தியிலிருந்து படியுங்கள். ஒன்றும் குறையவில்லை என்றால் கதை அங்கேதான் தொடங்குகிறது.

ஒருத்தர் "காட்சியா தெரியல"ங்கறாரு, இன்னொருத்தர் "வர்ணன ஜாஸ்தி"ங்கறாரு. எதக் கேக்கறது?

இருவரும் சொல்வது அநேகமாக ஒரே குறையை. வர்ணனை இருக்கிறது, ஆனால் அது யாருடைய கண்ணிலிருந்தும் வரவில்லை. ஏலத்தில் நிற்கும் மல்லிகா கடலைப் பார்க்க மாட்டாள். செவுளைத் தூக்கி உள்ளே சிவப்பு மங்கியிருக்கிறதா என்று பார்ப்பாள். மீனின் கண் உள்ளே போயிருக்கிறதா என்று பார்ப்பாள். வயிற்றை விரலால் அழுத்தி, அமுங்கிய இடம் மேலே எழும்புகிறதா என்று பார்ப்பாள். அதற்கு மேல், எதிரே ஏலம் கேட்கும் ஓட்டல்காரரின் முகத்தைப் பார்ப்பாள், அவர் எந்த விலையில் நிறுத்துவார் என்று கணக்குப் போட. முதல் தடவை வருகிறவருக்கோ வழுக்கும் தரையும் நாற்றமும்தான் தெரியும். லாஞ்சிலிருந்து (விசைப்படகிலிருந்து) இறங்கி வருபவன் டீக்கடையைத் தேடுவான். பார்ப்பவர் மாறினால் இடமும் மாற வேண்டும்.

ஒரு காட்சிக்கு மூன்று விவரம் போதும். அவற்றில் ஒன்றாவது கண்ணால் காணாததாக இருக்கட்டும்: கழுத்தில் வழியும் மீன் தண்ணீர், சும்மாட்டின் ஈரம், எண்ணூர் விரைவுச்சாலையில் நிற்கும் கண்டெய்னர் லாரியின் டீசல் வாடை. அந்த மூன்றில் ஒன்று பிறகு கதையில் வேலை செய்ய வேண்டும். ஐஸ் முதல் வரியில் வந்தால், அது கரைந்ததால் சங்கரா மீனின் விலை இறங்குவதும், விலை இறங்கியதால் 600 சேராமல் போவதும் பின்னால் வர வேண்டும். ராயபுரம் ரயில் நிலையத்திலிருந்து 1856-இல் ரயில் ஓடியது என்ற தகவல் அருமையானது. ஆனால் தலையில் கூடையோடு அதைக் கடக்கும் மல்லிகாவுக்கு அந்த நேரத்தில் அது தேவைப்படாது.

வடசென்னைன்னா மெட்ராஸ் பாஷைலதான் எழுதணுமா? எழுதினா படிக்க முடியலன்னு சொல்றாங்க.

பேச்சில் அந்த மொழி வேண்டும். ஆனால் ஒலி முழுவதையும் எழுத்தில் கொண்டுவர முயன்றால் வாசகர் எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்துவிடுவார். ஒரு பாத்திரத்துக்கு மூன்று நான்கு அடையாளங்களைத் தேர்ந்தெடுத்துக் கடைசி வரை அவற்றைக் காப்பாற்றுங்கள். "இன்னா", "கீது", "வந்துகினு", "வூட்டாண்ட" இவை போதும். மற்றதை எல்லோருக்கும் பழகிய பேச்சுத்தமிழில் விடலாம். "இன்னாமே கஸ்மாலம், பேஜார் பண்ணிகினு கீறே" என்று எல்லா மசாலாவையும் ஒரே வரியில் கொட்டுவது பழைய நகைச்சுவைக் காட்சிகளின் மொழி. இங்கே வாழ்கிற யாரும் அப்படி மூச்சுவிடாமல் பேசுவதில்லை. "நாளைக்குத் தரேன்னு சொன்னேன்ல. இன்னா, ஓடியா பூடப் போறேன்?" என்பதில் அடையாளம் இரண்டுதான் இருக்கிறது. ஆள் முழுசாகத் தெரிகிறாள்.

எல்லோரும் இப்படிப் பேசுவதும் இல்லை. பெரம்பூரில் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவரின் பேச்சு வேறு, சவுகார்பேட்டையில் கணக்கெழுதுபவரின் பேச்சு வேறு. வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பங்களும் உருது பேசும் குடும்பங்களும் இந்தத் தெருக்களில் தலைமுறையாக இருக்கின்றன. மல்லிகாவே மூன்று விதமாகப் பேசுவாள்: ஏலத்தில் ஒரு குரல், வங்கிக் கவுன்ட்டரில் ஒரு குரல், மகளின் டீச்சரிடம் ஒரு குரல். டீச்சரிடம் பேசும்போது அவள் "கீது"வை விழுங்கிவிட்டு "இருக்குதுங்க டீச்சர்" என்று இழுத்துச் சொன்னால், அவள் கூச்சத்தைத் தனியாக எழுத வேண்டியதில்லை.

கதைசொல்லியின் தமிழ் பற்றியும் ஒரு வார்த்தை. உரையாடல் பேச்சிலும் விவரிப்பு எழுத்துத்தமிழிலும் இருப்பது வழக்கம், தப்பில்லை. ஆனால் கதைசொல்லி "விசைப்படகு", "பனிக்கட்டி" என்றும் பாத்திரங்கள் "லாஞ்சு", "ஐஸ்" என்றும் சொன்னால், கதைசொல்லி மேடையில் நின்று கீழே பார்ப்பதுபோல் ஆகிவிடும். தொழில் சொற்களை இருவருக்கும் பொதுவாக்கிவிடுங்கள். முழுக் கதையையும் பேச்சுமொழியில், "நான்" என்று தன்மையில் சொல்ல ஆசைப்பட்டால், முதலில் ஒரு பக்கம் மட்டும் எழுதி, சத்தமாகப் படித்து, மூச்சு திணறாமல் போகிறதா என்று பாருங்கள்.

என் கதைல எல்லாருமே ஒரே மாதிரி பேசறாங்களாம். எப்டி சரி பண்றது?

கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லும் பாத்திரங்கள் எல்லாம் ஒரே ஆள்போலத்தான் ஒலிக்கும். பேசுகிற ஒவ்வொருவருக்கும் அந்த நிமிடத்தில் ஏதோ ஒன்று வேண்டும். அதை அவர்கள் வெளியே சொல்லக் கூச்சப்படலாம், பயப்படலாம், அல்லது மறைக்கலாம். தண்டல்காரரின் பையன் மல்லிகாவைத் தெருவில் பார்க்கிறான்:

"மல்லிகாக்கா, கூட இன்னிக்கு கனமா கீது போல."

"சங்கராதான். தூக்கிப் பாக்குறியா?"

"எனக்கு எதுக்குக்கா மீனு. அண்ணன்தான் காலைலேர்ந்து அட்டையப் பாத்துகினே கீறாரு."

"ஸ்கூலு விட்டப்பறம் வா."

"பாப்பா ஸ்கூலு எம்.சி. ரோட்டாண்டதானக்கா?"

பணம் என்ற சொல்லே வரவில்லை; தண்டல் வரவு குறிக்கும் அட்டைதான் வருகிறது. மிரட்டலும் "அக்கா"வுக்குள்தான் இருக்கிறது. யார் பேசுகிறார் என்று ஒரு இடத்திலும் எழுத வேண்டி வரவில்லை, அழைப்பதிலேயே தெரிந்துவிடுகிறது. தமிழில் உறவுச்சொல் பாதி வேலையைச் செய்துவிடும், அதைப் பயன்படுத்துங்கள். தேவைப்படும் இடத்தில் "என்றான்", "என்றாள்" போதும். "கர்ஜித்தான்", "முணுமுணுத்தாள்" என்று ஒவ்வொரு வரிக்கும் மாற்றிக்கொண்டே போனால் கண் அங்கேதான் இடறும். பிறகு பெயர்களையும் "என்றாள்"களையும் விரலால் மூடிவிட்டுப் படியுங்கள். எது யாருடைய வரி என்று தெரியாத இடத்தில் மட்டும் திருத்தம் வேண்டும்.

மல்லிகா வந்தாளா, வந்தாரா? கதைல மரியாத எப்டி வெக்கறது?

இது சின்ன சந்தேகம்போலத் தெரியும், கதையின் கோணத்தையே இதுதான் தீர்மானிக்கிறது. மீன் விற்கும் ஐம்பது வயதுப் பெண்ணை "வந்தாள்" என்றும், முப்பது வயது டீச்சரை "வந்தார்" என்றும் கதைசொல்லி எழுதினால், வாசகர் உடனே கவனிப்பார். அந்த வித்தியாசம் கதைசொல்லியின் மனத்தில் இருப்பதாகத்தான் எடுத்துக்கொள்வார்.

யாருடைய கண்ணால் கதை நகர்கிறதோ, அவர் மற்றவர்களை மனத்துக்குள் எப்படிச் சொல்வாரோ அதையே விவரிப்பிலும் வையுங்கள். மல்லிகாவின் கோணத்தில் டீச்சர் "வந்தார்", தண்டல் பையன் "வந்தான்", அவன் முதலாளி "வந்தார்". இப்படி முறையாகக் கட்டிவிட்டால் ஒரு பெரிய வசதி கிடைக்கும். முதலாளி பள்ளி வாசலுக்கு வந்துவிட்ட அந்தப் பத்தியில், முன்னறிவிப்பே இல்லாமல் "அவன் வண்டியை நிறுத்தினான்" என்று எழுதுங்கள். மல்லிகாவின் பயம் முறிந்துவிட்டது என்று வாசகருக்குத் தெரிந்துவிடும். கோபத்தை வர்ணிக்க ஒரு வரிகூடத் தேவையில்லை. வினைமுற்றில் மரியாதையைச் சுமக்கும் மொழிக்கு மட்டுமே கிடைக்கும் வசதி இது. இதை வீணாக்குகிறவர்கள்தான் அதிகம்.

ரெண்டு பேர் மனசுக்குள்ள என்ன ஓடுதுன்னு ஒரே காட்சில சொல்லக்கூடாதா?

சொல்லக்கூடாது என்று சட்டமில்லை. ஆனால் ஒரு காட்சிக்கு ஒருவர் கண் என்று பழகிக்கொள்ளும்வரை கைகூடாது. சறுக்கல் எங்கே வருமென்றால், "மல்லிகா கூடையை இறக்கினாள். அவள் முகத்தில் களைப்பு தெரிந்தது" என்ற மாதிரி இடத்தில். தன் முகத்தை அவள் எப்படிப் பார்த்தாள்? அவள் பக்கம் நின்றால் கழுத்து எரிச்சலும் விறைத்த தோளும்தான் வரும்.

"நாளைக்கு வரச் சொல்லலாமா என்று மல்லிகா நினைத்தாள்" என்பதை "நாளைக்கு வரச் சொல்லலாமா? சொன்னால் கேட்கிற ஆளா அவன்" என்று மாற்றிப் பாருங்கள், "நினைத்தாள்" போனதும் வாசகர் உள்ளே வந்துவிடுகிறார். அதுபோல "ஆம்" விகுதி. "அண்ணன் காலையிலிருந்து கோபமாக இருந்தாராம்" என்றால் அவள் அதைக் கேள்விப்பட்டாள், முழுக்க நம்பவில்லை என்ற இரண்டு செய்திகளும் வந்துவிடுகின்றன.

அவளுக்கு ஏன் கடன் வந்துச்சுன்னு சொல்லாம எப்டி? ஃப்ளாஷ்பேக் போடலாமா?

வாசகர் கேட்கத் தொடங்கிய பிறகு சொல்லுங்கள், அதற்கு முன் வேண்டாம். முதல் கால் பகுதியில் பின்கதை இரண்டு வரிக்கு மேல் போக வேண்டாம். தனி ஃப்ளாஷ்பேக் காட்சி வைத்தால் 1,500 சொல் கதையில் ஒன்று போதும், அதுவும் 150 சொற்களுக்குள். பின்னால் போகும்போது ஒரு பொருள் வழியாகப் போனால் வழி தவறாது: தண்டல் வரவு குறிக்கும் அட்டையின் பின்பக்கத்தில் ஸ்டான்லி மருத்துவமனை வார்டு எண் ஒன்று பேனாவில் கிறுக்கியிருந்தால், புருஷனின் நோய் பற்றி ஒரு பக்கம் மிச்சம்.

எல்லாத்தையும் காட்சியா எழுதினா நீளமாப் போவுது. சொல்லிட்டும் போலாமா?

தாராளமாக. பாத்திரம் ஒரு முடிவு எடுக்கும் இடம், அல்லது இருவருக்குள் ஏதோ மாறிவிடும் இடம் காட்சியாக வேண்டும். வெறும் காலம் கடக்கும் இடத்தை ஒரு வரியில் தாண்டிவிடலாம்: "அதற்கப்புறம் ஒன்பது நாள் வஞ்சிரம் பக்கமே போக முடியாத விலை."

சஸ்பென்ஸுக்காக முக்கியமான விஷயத்தக் கடைசி வரைக்கும் மறைச்சேன். "ஏமாத்திட்டீங்க"ன்னு திட்றாங்க.

மறைத்தால் கடைசியில் ஒரு நொடி அதிர்ச்சி கிடைக்கும். முன்பே சொன்னால் கதை நெடுக பதற்றம் கிடைக்கும். மல்லிகா மகளின் பரீட்சைக் கட்டணத்தை பிளாஸ்டிக் கவரில் சுற்றி மீனுக்கடியில் வைத்திருக்கிறாள் என்று வாசகருக்கு இரண்டாம் பக்கத்திலேயே தெரியட்டும். அதற்கப்புறம் தண்டல் பையன் "தூக்கிப் பாக்குறேன்" என்று கூடையில் கை வைக்கும் ஒவ்வொரு தடவையும் வாசகர் பதறுவார். மேலே உள்ள உரையாடலையே இந்தத் தகவலோடு இன்னொரு முறை படித்துப் பாருங்கள், "தூக்கிப் பாக்குறியா?" என்று அவள் கேட்பதன் துணிச்சல் இப்போதுதான் தெரியும்.

திட்டு விழுவதற்குக் காரணம் வேறு. அவள் கண்ணால் கதை சொல்லிக்கொண்டு, அவள் நாள் முழுக்க நினைத்திருக்கக்கூடிய ஒன்றை வாசகரிடம் மட்டும் மறைத்தால் அது மோசடியாகத்தான் தெரியும். மறைக்கத்தான் வேண்டுமென்றால் அந்த ரகசியம் தெரியாத ஆளின் கோணத்துக்குக் கதையை மாற்றுங்கள். தண்டல் பையன் கோணத்தில் சொன்னால் கூடைக்குள் என்ன இருக்கிறதென்று அவனுக்கே தெரியாது.

கத்தி, கஞ்சா, ரவுடி இல்லாம வடசென்னைக் கதைய யாரு படிப்பாங்க?

படிக்கிறார்கள். வாசகரைப் பிடித்து வைப்பது முதல் பதிலில் சொன்ன மூன்று விடைகள்தான். கத்தி அந்த வேலையைச் செய்யாது. கத்தி வருகிற பெரும்பாலான கதைகளில் அதற்கு முன்னால் காரணமும் இல்லை, பின்னால் செலவும் இல்லை. வெட்டு விழுந்த மறுநாள் என்ன ஆகும்? ஸ்டான்லியில் அவசரப் பிரிவு, ஸ்டேஷனில் வழக்கு, ஜாமீனுக்கு நகை அடகு, வேலைக்குப் போகாத நாட்களின் கூலி, தங்கைக்கு வந்த சம்பந்தம் தட்டிப்போவது. இதை எழுதினால் அது நல்ல கதை. எழுதாமல் வெட்டோடு நிறுத்தினால், ஒரு பகுதி மக்களைப் பற்றி ஊரில் ஏற்கெனவே இருக்கும் கெட்ட எண்ணத்துக்கு இன்னொரு கூடை மண் போட்டதாகத்தான் ஆகும். இதில் எங்களுக்கு உறுதியான கருத்து உண்டு.

களத்துக்கு இங்கே பஞ்சமே இல்லை. துறைமுகத்துக்குள் போக லாரி வரிசையில் மணிக்கணக்கில் காத்திருக்கும் டிரைவர், வீட்டில் இருக்கும் குழந்தையின் காய்ச்சலைப் போனில் கேட்டுக்கொண்டிருக்கிறார். வியாசர்பாடியில் பந்தாட்டப் பயிற்சிக்கு வரும் பெண்ணுக்கு ஷூ ஒரு சைஸ் பெரியது. கேரம் போட்டிப் பரிசுப் பணத்தை நம்பி ஒருவன் மோட்டாரை அடகு வைத்திருக்கிறான். சாவு வீட்டில் கானா பாடுகிறவனுக்கு இன்று செத்தவரோடு பழைய பகை. கொசஸ்தலை ஆற்றில் வலை போடுகிறவருக்கு அனல் மின் நிலையச் சாம்பல் படிந்து ஆழம் குறைந்துவிட்டது. 2017 ஜனவரியிலும் 2023 டிசம்பரிலும் எண்ணூர்ப் பக்கம் எண்ணெய் பரவியபோது வலையும் படகும் கறுத்துப்போன வீடுகளில் என்ன பேசிக்கொண்டார்கள்? ஒவ்வொன்றிலும் தேவையும் கெடுவும் இழப்பும் முன்பே இருக்கின்றன.

நான் அந்த ஏரியா கிடையாது. எழுதலாமா? எங்கெங்க மாட்டிப்பேன்?

எழுதலாம். மாட்டிக்கொள்ளும் இடங்கள் பெரும்பாலும் எளிதில் சரிபார்க்கக்கூடியவை. முதலாவது, சூரியன். காசிமேட்டில் சூரியன் கடலில் உதிக்கும், ஊருக்குள் மறையும். "கடலில் மறையும் சூரியனைப் பார்த்தபடி" என்று எழுதிய கதையை இங்கே யாரும் இரண்டாம் பக்கம் புரட்ட மாட்டார்கள். பௌர்ணமி மாலையில் நிலா கடலிலிருந்து எழும்; அதைத் தாராளமாக எழுதலாம்.

இரண்டாவது, மீன்பிடித் தடை. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். 2017-க்கு முன்பு 45 நாள். தடை லாஞ்சுகளுக்குத்தான். கட்டுமரமும் ஃபைபர் போட்டும் போகும், மேற்குக் கரையிலிருந்து லாரியிலும் மீன் வரும். அதனால் மே மாதக் கதையில் "மார்க்கெட் வெறிச்சோடியது, மீனே இல்லை" என்று எழுத முடியாது. மீன் இருக்கும், விலை ஏறியிருக்கும், லாஞ்சில் வேலை செய்கிறவர் வீட்டில் இருப்பார். மல்லிகாவை அந்த மாதத்தில் வைத்தால் அவள் முதலுக்கே இன்னும் பணம் தேவைப்படும். தண்டல் வாங்கிய காரணமே அங்கிருந்து கிடைத்துவிடலாம்.

மூன்றாவது, ஆண்டுகள். 1996-இல் தான் ஊரின் அதிகாரப்பூர்வப் பெயர் சென்னை ஆனது; பெரம்பூரின் துணி மில்லான பக்கிங்காம் கர்நாடிக் மில் மூடப்பட்டதும் அதே ஆண்டு. ஆகவே 2000-இல் நடக்கும் கதையில் பெரம்பூர்ப் பாத்திரம் மில் வேலைக்குப் போக முடியாது. ஆனால் மில் இல்லாத பின் வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும் அப்பா இருக்கலாம். விம்கோ நகர் வரை மெட்ரோ ஓடத் தொடங்கியது 2021 பிப்ரவரியில். எண்ணூரின் பழைய அனல் மின் நிலையம் 2017-இல் நிறுத்தப்பட்டது. அதற்குப் பின் வரும் புகையை, வட சென்னை அனல் மின் நிலையம் இருக்கும் அத்திப்பட்டுப் பக்கத்திலிருந்து வரவிடுங்கள். எழுதி முடித்ததும் அந்தத் தொழிலில் இருக்கும் ஒருவரிடம் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். அவர் எங்கே சிரிக்கிறாரோ அங்கே ஒரு பிழை இருக்கிறது.

இது நெசமாவே நடந்தது சார். அப்பறமும் நம்பற மாதிரி இல்லங்கறாங்க.

வாழ்க்கையில் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தாலே போதும். கதையில் ஒன்றினால் இன்னொன்று நடக்க வேண்டும். காட்சிகளை வரிசையாக எழுதி, இரண்டுக்கும் நடுவே "அதனால்" போட முடிகிறதா என்று பாருங்கள். "அப்புறம்" மட்டுமே போட முடிந்தால் அந்த மூட்டு தளர்ந்திருக்கிறது. தற்செயலாக நடப்பது பாத்திரத்தைச் சிக்கலில் மாட்டிவிடலாம், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். காப்பாற்ற வரும்போதுதான் நம்பிக்கை போகிறது: 600 ரூபாய் தெருவில் கிடந்தது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

நிஜ ஆட்களை எழுதும்போது பெயரை மாற்றினால் மட்டும் போதாது. தெரு, தொழில், குடும்ப அமைப்பு ஆகியவற்றில் இரண்டையாவது மாற்றுங்கள். அதே தெருவில் இருக்கிறவர் படித்து ஆளைக் கண்டுபிடித்துவிட்டால், பாதிப்பு உங்களுக்கு வராது, அவருக்குத்தான்.

முடிவு சப்புன்னு இருக்காம். செத்துட்டான்னு முடிச்சா அழுத்தமா இருக்குமா?

இருக்காது. மரணம், கனவு, திடீர் நல்லவர், அறிவுரை ஆகிய நான்கும் எழுதுகிறவர் தப்பிக்கும் வழிகள். முடிவு மல்லிகா செய்யும் ஒரு செயலாக இருக்க வேண்டும். அந்தச் செயலுக்கு விலை இருக்க வேண்டும். கவரில் இருக்கும் பரீட்சைப் பணத்தைப் பையனிடம் கொடுத்துவிடுகிறாளா? கொடுக்காமல் நேராகப் பள்ளிக்குள் போய்க் கட்டிவிட்டு வெறுங்கையோடு வாசலுக்கு வருகிறாளா? இரண்டிலும் ஒன்று கிடைக்கிறது, ஒன்று போகிறது. செயல் நடந்ததும் நிறுத்துங்கள். அவள் என்ன உணர்ந்தாள் என்று எழுதத் தோன்றும் அந்தக் கடைசிப் பத்தியை நீக்கிப் பார்த்தால், பத்தில் எட்டுக் கதை உடனே தேறிவிடும்.

எத்தன தடவ திருத்தணும்? எங்கேர்ந்து ஆரம்பிக்கறது?

முடித்த கதையை ஒரு வாரம் மூடி வையுங்கள். பிறகு தாளில் அச்செடுத்து, ஒரு தடவைக்கு ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். முதல் தடவை, ஒவ்வொரு காட்சிக்கும் பக்கத்தில் "இதனால் என்ன மாறியது" என்று ஒரே வரி எழுதுங்கள். எழுத வராத காட்சி போகலாம். இரண்டாம் தடவை, நூற்றுக்குப் பத்து வெட்டுங்கள். 1,800 சொல் இருந்தால் 1,620. வர்ணனையிலும் ஒரே விஷயத்தை இரண்டு முறை சொன்ன இடத்திலும் முதலில் கை வையுங்கள்.

மூன்றாம் தடவை சத்தமாகப் படியுங்கள். தமிழில் வாக்கியம் வினையில் முடிவதால் "இறக்கினாள். பார்த்தாள். துடைத்தாள். நின்றாள்" என்று ஒரே ஓசை அடுக்கிக்கொண்டே போகும், கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத் தெரியும். இரண்டு வாக்கியங்களை "இறக்கிவிட்டுத் துடைத்தாள்" என்று சேர்க்கலாம். வினையே இல்லாத வாக்கியம் ஒன்றை நடுவில் வைக்கலாம்: "கூடைக்கடியில் ஈரம்." ஆனால் "இறக்கிவிட்டு" போன்ற வினையெச்சங்களை நான்குக்கு மேல் கோக்காதீர்கள், யார் எதைச் செய்தார் என்பது காணாமல் போய்விடும்.

அதற்குப் பிறகுதான் மற்றவர்களிடம் கொடுக்க வேண்டும், மூன்று பேர் போதும். "எப்படி இருக்கு?" என்று கேட்டால் "நல்லா இருக்கு" என்றுதான் பதில் வரும். பென்சிலைக் கையில் கொடுத்து, சலித்த இடத்தில் ஒரு கோடு, புரியாத இடத்தில் ஒரு சுழி போடச் சொல்லுங்கள். இருவர் ஒரே இடத்தில் கோடு போட்டிருந்தால் அங்கே கட்டாயம் திருத்த வேண்டும். அவர்கள் சொல்லும் காரணம் தவறாக இருக்கலாம். கோளாறு பெரும்பாலும் அந்தக் கோட்டுக்கு அரைப்பக்கம் முன்னாலேயே தொடங்கியிருக்கும், அங்கேயிருந்து தேடுங்கள்.